விழுந்த சர்வருக்கு யார் சாட்சி? கோர் டம்ப்பும் அதன் மாற்றுகளும்

வலை சேவையகம் விழுந்தால் தளமே நின்றுபோகும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நிற்பதில்லை, தொல்லையே அங்கேதான் தொடங்குகிறது. அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் ஆகிய வலை சேவையக மென்பொருள்களில் ஒரு தலைமைப் புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) மேற்பார்வை பார்க்கும்; வரும் கோரிக்கைகளுக்குப் பதில் சொல்வது அதன் கீழே இருக்கும் வொர்க்கர்கள். ஒரு வொர்க்கர் செத்தால் தலைமைப் புராசஸ் உடனே வேறொன்றை உருவாக்கிவிடும். அந்த நொடியில் இணைப்பில் இருந்த சிலருக்கு மட்டும் வெற்றுப் பக்கம் வரும். அவர்கள் மறுபடி முயல்வார்கள், பக்கம் வந்துவிடும், மறந்துவிடுவார்கள். பிழைப் பதிவில் மட்டும் 'செக்மென்டேஷன் ஃபால்ட் (11)' என்ற வரி ஏறிக்கொண்டே போகும். நான் பொறுப்பேற்ற ஒரு சர்வரில் அந்த வரி எட்டு மாதங்களாக வந்துகொண்டிருந்தது. ஒருவரும் பார்த்திருக்கவில்லை.

பார்த்த பிறகு என்ன செய்வது? "கோர் டம்ப் எடு" என்பதுதான் யாரைக் கேட்டாலும் வரும் பதில். புராசஸ் செத்த நொடியில் அதன் நினைவகத்தை அப்படியே கோப்பாக எழுதிவைப்பதுதான் கோர் டம்ப். 1950களில் கணினி நினைவகம் காந்த வளையங்களால் ஆனது. அந்த வளையங்களுக்குக் கோர் என்று பெயர். வளையங்கள் போய்ப் பல காலம் ஆகிவிட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நல்ல சாட்சிதான், ஆனால் ஒரே சாட்சி அல்ல. பல நேரங்களில் முதலில் அழைக்க வேண்டிய சாட்சியும் அல்ல. எந்த வழி பொருந்தும் என்பதை மூன்று கேள்விகள் முடிவு செய்கின்றன. சர்வர் எவ்வளவு அடிக்கடி விழுகிறது? அதை வேண்டும்போது விழவைக்க முடிகிறதா? அதன் நினைவகத்தில் வெளியே போகக்கூடாதது என்ன இருக்கிறது?

முதலில் சிக்னல் எண்

எந்த வழியையும் தேர்ந்தெடுக்கும் முன் வொர்க்கர் எந்தச் சிக்னலால் (புராசஸுக்கு அனுப்பப்படும் எண்ணிட்ட அறிவிப்பு) செத்தது என்று பாருங்கள். 11 என்றால் தனக்கு உரிமையில்லாத முகவரியைத் தொட்டிருக்கிறது. 6 என்றால் நிரலே தன்னைக் கொன்றுகொண்டது. நினைவக ஒதுக்கீட்டில் குளறுபடி இருப்பதை சி நூலகம் கண்டுபிடித்து நிறுத்தியிருக்கலாம். 7, 8, 4 ஆகியவற்றுக்கும் கோர் வரும். 9 என்றால் வராது. எத்தனை அமைப்புகளை மாற்றினாலும் வராது. யாரோ வெளியிலிருந்து கொன்றிருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். அந்த 'யாரோ' பெரும்பாலும் நினைவகம் தீர்ந்தபோது கெர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) ஏவும் ஓஓஎம் கில்லர். கெர்னல் பதிவில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று தேடினால் கிடைத்துவிடும்.

கண்டெய்னரில் (நிரலைத் தனியே அடைத்து ஓட்டும் பெட்டி) ஓடினால் வெளியேறும் எண் 128உடன் சிக்னல் எண்ணைக் கூட்டி வரும்: 139 என்றால் 11, 134 என்றால் 6, 137 என்றால் 9. 137ஐப் பார்த்துவிட்டு கோர் டம்ப் அமைப்பில் ஒரு நாள் முழுவதும் முட்டிக்கொண்டிருந்தவர்களை நான் அறிவேன். அவர்களில் நானும் ஒருவன்.

இன்னொன்றையும் பாருங்கள்: விழத் தொடங்கியது எப்போது? சென்ற வாரம் ஒரு மாட்யூலைப் புதுப்பித்த பிறகு என்றால், பழைய பதிப்புக்குத் திரும்புங்கள். காரணத்தைப் பிறகு ஆற அமரத் தேடலாம். சாட்சி சேகரிக்கும் ஆர்வத்தில் வீடு எரிவதை விட்டுவிடக்கூடாது.

கெர்னல் எழுதும் ஒற்றை வரி

எந்த அமைப்பும் செய்யாமல், எந்தச் செலவும் இல்லாமல் கிடைக்கும் சாட்சி இது. சிக்னல் 11ஐத் தானே பிடித்துக்கொள்ளாத புராசஸ் விழும்போது லினக்ஸ் கெர்னல் தன் பதிவில் ஒரு வரி எழுதும். புராசஸின் பெயரும் எண்ணும், தொட முயன்ற முகவரி, அப்போது ஓடிக்கொண்டிருந்த கட்டளையின் முகவரி, ஸ்டாக்கின் (செயற்கூறு அழைப்புகள் அடுக்கப்படும் நினைவகப் பகுதி) முகவரி, ஒரு பிழை எண், எந்தக் கோப்புக்குள் என்பது ஆகிய அனைத்தும் அந்த ஒரே வரியில் இருக்கும்.

அந்தப் பிழை எண்ணை வாசிக்கக் கற்றுக்கொள்வதற்குப் பத்து நிமிடம் போதும். 4 என்றால் இல்லாத நினைவகப் பக்கத்தைப் படிக்க முயன்றது. 6 என்றால் இல்லாத பக்கத்தில் எழுத முயன்றது. 14 என்றால் இல்லாத இடத்திலிருந்து கட்டளையை எடுத்து ஓட்ட முயன்றது. கூடவே கட்டளை முகவரியும் 0 என்றால், வெற்றுச் சுட்டியை (எங்கேயும் காட்டாத முகவரி) செயற்கூறாக நினைத்து அழைத்திருக்கிறது. தொட முயன்ற முகவரி 0, 8, 16 போன்ற சிறு எண் என்றால் வெற்றுச் சுட்டி வழியே ஒரு கட்டமைப்பின் உறுப்பைத் தேடியிருக்கிறது. அந்த முகவரி ஸ்டாக் முகவரிக்குப் பக்கத்திலேயே இருந்து, பிழை எண் 6 என்றால், அநேகமாக ஸ்டாக் நிரம்பி வழிந்திருக்கிறது.

கட்டளை முகவரியிலிருந்து அந்தக் கோப்பின் தொடக்க முகவரியைக் கழித்து, செயற்பகுதி கோப்புக்குள் எங்கே தொடங்குகிறது என்பதையும் கூட்டிக்கொண்டால், முகவரியை மூலநிரல் வரியாக மாற்றித் தரும் கருவியிடம் கொடுக்கலாம். டீபக் சிம்பல்கள் (முகவரிகளை மூலநிரலின் பெயர்களோடு பொருத்தும் தகவல்) இருந்தால் வரி எண்ணே வந்துவிடும்.

யார் அழைத்து அந்த வரிக்கு வந்தது என்பதைக் கெர்னல் சொல்லாது. எந்தக் கோரிக்கை என்பதும் தெரியாது. இரண்டாவது குறையைத் தீர்க்க அப்பாச்சியில் ஒரு எளிய மாட்யூல் உண்டு: ஃபரென்சிக் பதிவு. கோரிக்கையின் தலைப்புகள் வந்ததும் கூட்டல் குறியுடன் ஒரு வரி, முடிந்ததும் கழித்தல் குறியுடன் ஒரு வரி. கூட்டல் மட்டும் இருந்து கழித்தல் இல்லாதவைதான் சந்தேகத்துக்குரியவை. அவற்றைப் பிரித்தெடுக்க ஒரு சிறு ஸ்கிரிப்ட்டும் அதனுடனேயே வருகிறது. சாதாரண அணுகல் பதிவு இதற்கு உதவாது, ஏனென்றால் அது கோரிக்கை முடிந்த பிறகுதான் எழுதப்படுகிறது. முடிக்காமல் செத்தவன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதில்லை.

வாரத்துக்கு ஒருமுறை விழும் சர்வருக்கு, கெர்னல் வரியும் ஃபரென்சிக் பதிவும் சேர்ந்தாலே பாதிக்கும் மேல் தெரிந்துவிடும் என்பது என் அனுபவம். வட்டு நிரம்பும் பயம் இல்லை. நினைவகம் முழுதும் வெளியே கொட்டும் பயமும் இல்லை, ஆனால் கோரிக்கைத் தலைப்புகளில் இருக்கும் குக்கிகள் பதிவில் ஏறும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

கோர் கோப்பு ஏன் வரவே மாட்டேன் என்கிறது

இனி பெரிய சாட்சி. கோர் டம்ப்பைப் பொறுத்தவரை, அதைப் படிப்பதைவிட வரவழைப்பதே கடினம். பூட்டுகள் பல; எல்லாம் திறந்தால்தான் கதவு திறக்கும், எது பூட்டியிருக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

முதல் பூட்டு, கோர் அளவு வரம்பு. அது 0 என்றால் கோப்பு இல்லை. ஷெல்லில் யூலிமிட் கட்டளை கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் நிறைய. அது அந்த ஷெல்லுக்கும் அதன் பிள்ளைகளுக்கும்தான் செல்லும். சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரல்) தொடங்கும் சர்வீசுக்கு அதன் சர்வீஸ் கோப்பிலேயே லிமிட்கோர் வரியில் சொல்ல வேண்டும். உள்நுழைவோருக்கான வரம்புக் கோப்பில் எழுதினாலும் சர்வீசுக்குப் போகாது. என்ஜின்எக்ஸில் வொர்க்கர்களின் வரம்பை அதன் சொந்த அமைப்பிலேயே ஆர்லிமிட் கோர் வரியால் மாற்றலாம். பிஎச்பி நிரல்களை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மிலும் அப்படி ஒரு வரி உண்டு.

இரண்டாவது பூட்டு, பயனர் மாற்றம். சர்வர் ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள) பயனராகத் தொடங்கி, 80ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டு, அதிகாரம் குறைந்த பயனராக இறங்குகிறது. அப்படி இறங்கிய புராசஸின் நினைவகத்தில் ரூட்டின் ரகசியம் எஞ்சியிருக்கலாம் என்று லினக்ஸ் சந்தேகப்பட்டு, இயல்பாகவே கோர் எழுத மறுக்கிறது. என்ஜின்எக்ஸ் இந்தத் தடையைத் தானே நீக்கிக்கொள்கிறது. அப்பாச்சி 2.0.46 முதல் நீக்குகிறது, ஆனால் கோர் டம்ப் டைரக்டரி என்ற வரியை நீங்கள் வெளிப்படையாக எழுதியிருந்தால் மட்டும். எழுதாவிட்டால் வரம்பு எவ்வளவு தாராளமாக இருந்தாலும் ஒன்றும் வராது. பிஎச்பி-எஃப்பிஎம்மில் இதற்கென்று டம்பபிள் என்று ஒரு தனி அமைப்பு இருக்கிறது.

மூன்றாவது பூட்டு, எழுதும் இடம். முழுப் பாதை சொல்லப்படாவிட்டால் கோர் கோப்பு புராசஸின் நடப்புக் கோப்புறையில் எழுதப்படும். டீமன்களுக்கு (பின்னணியில் ஓடும் நிரல்கள்) அது பெரும்பாலும் கோப்பு மரத்தின் உச்சியான மூலக் கோப்புறை (/). அதிகாரம் குறைந்த வொர்க்கரால் அங்கே ஒரு எழுத்துக்கூட எழுத முடியாது. வொர்க்கரின் பயனர் எழுதக்கூடிய கோப்புறையாக இருக்க வேண்டும், வட்டில் இடம் இருக்க வேண்டும், எஸ்இலினக்ஸ் போன்ற காவலர்கள் தடுக்காமலும் இருக்க வேண்டும்.

அந்த எட்டு மாதச் சர்வரில் இந்த மூன்றையும் திறந்துவிட்டேன். பொது டெம்ப் கோப்புறைக்கு எழுதும்படி கெர்னலின் கோர் பேட்டர்னை (கோர் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) மாற்றினேன். பிழைப் பதிவிலும் கோர் எழுதப்பட்டிருக்கலாம் என்று அப்பாச்சி சொன்னது. டெம்ப் கோப்புறையில் எதுவும் இல்லை. இரண்டு நாள் தேடினேன். கடைசியில், அந்த சர்வீசுக்குத் தனி டெம்ப் என்ற பாதுகாப்பு அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. அந்த அமைப்பு இருந்தால் சர்வீஸ் பார்க்கும் டெம்ப் வேறு, நாம் பார்க்கும் டெம்ப் வேறு. கோர் கோப்புகள் சரியாகவே எழுதப்பட்டிருந்தன, சிஸ்டம்டி உருவாக்கிய ஒரு மறைவான கோப்புறைக்குள். நான் அமைப்பை மாற்றி சர்வீசை மறுதொடக்கம் செய்த ஒவ்வொரு முறையும் அந்தத் தனி டெம்ப் துடைக்கப்பட்டுவிட்டது. சாட்சியைத் தேடிக்கொண்டே சாட்சியை அழித்துக்கொண்டிருந்தேன்.

இதோடு ஒரு சிறு எச்சரிக்கை. அப்பாச்சி தன் பதிவில் 'கோர் இங்கே இருக்கலாம்' என்று ஒரு கோப்புறையைக் காட்டும். அது தன் அமைப்பில் உள்ள பெயரைத்தான் சொல்கிறது. கெர்னல் உண்மையில் எங்கே எழுதியது என்பது அதற்குத் தெரியாது. 'இருக்கலாம்' என்ற சொல்லை அவர்கள் நேர்மையாகத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

நேரடிக் கோப்பா, இடையில் ஒரு கையாளியா

கோர் பேட்டர்ன் அமைப்பில் பாதை எழுதினால் கெர்னல் நேராகக் கோப்பில் எழுதும். குழாய்க் குறியில் (|) தொடங்கி ஒரு நிரலின் பெயரை எழுதினால், கோர் முழுவதையும் அந்த நிரலிடம் ஊற்றும். உபுண்டுவின் அப்போர்ட்டும் பல லினக்ஸ் விநியோகங்களில் வரும் சிஸ்டம்டி-கோர்டம்ப்பும் இந்த இரண்டாம் வகை.

நான் இரண்டாவதன் பக்கம். சிஸ்டம்டியின் கையாளி கோர் கோப்பைச் சுருக்கிச் சேமிக்கிறது. எந்தப் புராசஸ், எந்தச் சிக்னல், எப்போது என்பதைப் பட்டியலாகத் தருகிறது. அதே கட்டளையிலிருந்து டீபகரையும் (பிழை தேடும் கருவி) திறக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், பேக்ட்ரேஸை (எந்தச் செயற்கூறு எதை அழைத்து அங்கே வந்தது என்ற பட்டியல்) ஜர்னலில், அதாவது சிஸ்டம்டியின் பதிவில், எழுதிவிடுகிறது. கோர் கோப்பே வேண்டாம் என்று அமைத்தாலும் பேக்ட்ரேஸ் மிஞ்சும். வட்டிலும் அது அடக்கமாக நடந்துகொள்ளும்: மாற்றாமல் விட்டால் கோர்களுக்கு வட்டில் 10 சதவீதத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளாது, 15 சதவீதத்தைக் காலியாக விடப் பார்க்கும். நேரடிக் கோப்பு முறையில் இந்த அடக்கம் கிடையாது. 16 வொர்க்கர்கள் வரிசையாக விழுந்தால் 16 கோப்புகள், வட்டு நிரம்பும், பிறகு சர்வரோடு சேர்ந்து எல்லாம் நிற்கும்.

கையாளியிலும் கண்ணிகள் உண்டு. குழாய் வழியே போகும் கோருக்குக் கெர்னல் அளவு வரம்பைப் பார்ப்பதில்லை. ஆனால் சிஸ்டம்டியின் கையாளி தானாகவே அந்த வரம்பை மதிக்கிறது. ஆகவே வரம்பு 0 என்றால் இங்கேயும் கோப்பு இல்லை. பழைய பதிப்புகளில் 2 ஜிபிக்கு மேற்பட்ட கோர்களைக் கையாள மறுக்கும். புதியவற்றில் 64-பிட் கணினிக்கு அந்த எல்லை 32 ஜிபி. பழைய கோர்களைப் பதிப்பைப் பொறுத்துச் சில நாட்களிலோ வாரங்களிலோ தானே துடைத்துவிடும் என்பதால், விழுந்ததை ஆற அமரப் பார்க்கலாம் என்று விட்டுவிட முடியாது. அப்போர்ட்டின் குணம் வேறு: விநியோகத்தின் தொகுப்பிலிருந்து வராத நிரல் விழுந்தால் இயல்பாக அதைக் கண்டுகொள்ளாது. நீங்களே தொகுத்த சர்வர் என்றால் அது உங்களுக்கு உதவாது.

கண்டெய்னர்களில் நிலைமை இன்னும் குழப்பம். கோர் பேட்டர்ன் முழுக் கணினிக்கும் ஒன்றே. கண்டெய்னருக்கு என்று தனியாக இல்லை. அதில் பாதை எழுதியிருந்தால் அந்தப் பாதை கண்டெய்னருக்குள் தேடப்படும். கையாளி எழுதியிருந்தால் அது வெளியே, ஓம்பும் கணினியில் ஓடும். மற்றவர் பராமரிக்கும் கணினியில் உங்கள் கண்டெய்னர் ஓடுகிறது என்றால் அமைப்பை மாற்றும் உரிமையே உங்களுக்கு இருக்காது. அங்கே நேரடிக் கோப்பு வழிதான், அதுவும் பேட்டர்ன் ஒத்துழைத்தால். எழுதும் இடத்தை நிலையான சேமிப்பாக இணைத்து வைக்காவிட்டால், கண்டெய்னர் நீக்கப்படும்போது கோரும் கூடவே போய்விடும்.

விலை என்ன

கோர் டம்ப்புக்கு வட்டு மட்டும் விலை அல்ல. எழுதி முடியும்வரை புராசஸ் முழுதாகச் சாவதில்லை. அது திறந்து வைத்திருந்த இணைப்புகளும் மூடப்படுவதில்லை. 8 ஜிபி நினைவகத்தை நொடிக்கு 200 எம்பி வேகத்தில் எழுதினால் ஏறக்குறைய 40 நொடிகள். அதுவரை அந்த வொர்க்கரின் எல்லாப் பயனர்களும் உறைந்த திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோர் இல்லாமல் விழுந்திருந்தால் உடனே இணைப்பு அறுந்து, மறுமுயற்சி இன்னொரு வொர்க்கருக்குப் போயிருக்கும். கூட்டம் மிகுந்த நேரத்தில் இந்த வேறுபாடு பெரிது.

அளவைக் குறைக்கலாம். எந்த வகை நினைவகம் கோரில் சேர வேண்டும் என்பதைப் புராசஸ் வாரியாகச் சொல்லும் வடிகட்டி ஒன்று கெர்னலில் இருக்கிறது. அதன் இயல்பு மதிப்பு பதினறும எண்ணில் 33. அதை 31 ஆக்கினால் பகிர்நினைவகம் விடுபடும். ஒவ்வொரு வொர்க்கரும் அதே 2 ஜிபி பகிர்நினைவகத்தைத் திரும்பத் திரும்ப எழுதும் கூத்து நின்றுவிடும். பிஎச்பியில் மட்டும் இதைச் செய்யும் முன் யோசியுங்கள்: பிஎச்பியின் ஓப்கேஷ் தொகுத்து வைத்த நிரலும் செயற்கூறுகளின் பெயர்களும் அந்தப் பகிர்நினைவகத்தில்தான் இருக்கின்றன. அதை விட்டுவிட்டால், எந்த பிஎச்பி வரி ஓடிக்கொண்டிருந்தது என்று காட்டும் பேக்ட்ரேஸ் பாதியில் அறுந்துபோகும். சி மொழி அடுக்கு மட்டும் மிஞ்சும்.

பெரிய விலை ரகசியம். டிஎல்எஸ் (இணைப்பை மறைகுறியாக்கும் முறை) தனிச் சாவி, பயனர்களின் குக்கிகள், அப்போதுதான் தட்டச்சு செய்யப்பட்ட கடவுச்சொற்கள் எல்லாம் கோர் கோப்பில் சாதாரண எழுத்தாகக் கிடக்கலாம். மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பச் சாவி ஒன்று 2023இல் தாக்குநர்களின் கையில் இருந்தது தெரியவந்தபோது, 2021 ஏப்ரலில் எடுக்கப்பட்ட ஒரு கிராஷ் டம்ப்பில் அது தவறிப்போய் இடம்பெற்றிருக்கலாம் என்று அந்நிறுவனம் 2023 செப்டம்பரில் விளக்கியது. அந்தச் சாவி உள்ள டம்ப் எதையும் கண்டெடுக்கவில்லை என்று 2024 மார்ச்சில் அந்த விளக்கத்தைத் திருத்திக்கொண்டது. உண்மை எதுவாக இருந்தாலும், ஒரு டம்ப் கோப்பு அப்படிப்பட்ட சந்தேகத்துக்குத் தகுதியானது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு எழவில்லை. கையாளிகளும் ஓட்டையற்றவை அல்ல: செட்யூஐடி நிரல்களின் (கோப்பின் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடுபவை) கோரை உள்ளூர்ப் பயனர் எட்டிப்பார்க்க வழிதரும் குறைகள் அப்போர்ட்டிலும் சிஸ்டம்டி-கோர்டம்ப்பிலும் இருந்ததை குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2025 மே மாதத்தில் வெளியிட்டது.

ஆகவே கோரை வெளியாட்களுக்கு அனுப்பாதீர்கள். மாட்யூலை எழுதியவர் கேட்டாலும் முதலில் பேக்ட்ரேஸின் எழுத்துப் பிரதியை அனுப்புங்கள். அதிலும் மாறிகளின் மதிப்புகளைக் கண்ணால் ஒருமுறை பார்த்த பிறகு. பெரும்பாலும் அதுவே அவருக்குப் போதும்.

உயிரோடு இருக்கும்போதே பிடிப்பது

சர்வர் விழவில்லை, தொங்குகிறது என்றால் கோருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஜிகோர் கட்டளை ஓடும் புராசஸின் நினைவகத்தை எழுதிவிட்டு அதை மறுபடி ஓடவிடும். எழுதும் நேரம் மட்டும் புராசஸ் நிற்கும். எல்லா இழைகளின் (புராசஸுக்குள் இணையாக ஓடும் பணிகள்) பேக்ட்ரேஸ் மட்டும் போதுமென்றால் ஜிடிபி என்ற டீபகரை இணைத்து, எடுத்து, கழற்றிவிடலாம். சில நொடிகளில் முடிந்துவிடும். புராசஸைக் கொன்றே கோர் எடுக்க வேண்டுமென்றால் அபார்ட் சிக்னல் (6) அனுப்புங்கள். குவிட் சிக்னலும் கோர் தரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். என்ஜின்எக்ஸ் அதைக் 'கண்ணியமாக முடித்துக்கொள்' என்று எடுத்துக்கொள்ளும். ஜாவாவோ இழைகளின் பட்டியலை அச்சிட்டுவிட்டுத் தன் வேலையைத் தொடரும்.

விழும் சர்வருக்கும் ஜிடிபியை முன்கூட்டியே இணைத்துவிட்டுக் காத்திருக்கலாம். அப்பாச்சியை ஒற்றைப் புராசஸ் முறையில் ஓட்டினால் எந்த வொர்க்கரில் விழும் என்று தேடவும் வேண்டாம். விழவைக்கும் கோரிக்கை உங்கள் கையில் இருந்தால், சோதனைக் கணினியில் இதைவிட வேகமான வழி இல்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை விழும் உற்பத்திச் சர்வரில் இதைச் செய்பவர்களுக்குப் பொறுமை அதிகம் என்றுதான் சொல்ல வேண்டும்.

புராசஸ் தன் சாவைத் தானே எழுதிவிட்டுச் சாகும் வழியும் உண்டு. விழும் சிக்னலைப் பிடித்து பேக்ட்ரேஸ் எழுதும் மாட்யூல்கள் அப்பாச்சிக்கு இருக்கின்றன. கூகுளின் பிரேக்பேட், கிராஷ்பேட் நூலகங்கள் ஸ்டாக்குகளை மட்டும் சிறு கோப்பாக எழுதுகின்றன. பல்லாயிரம் பயனர்களின் கணினிகளில் ஓடும் நிரலுக்கு அது அருமையான ஏற்பாடு. சொந்தக் கட்டுப்பாட்டில் உள்ள சர்வருக்கு எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. நினைவகம் ஏற்கெனவே சிதைந்துபோன புராசஸிடமே அறிக்கை கேட்கிறோம். அது பாதியில் மறுபடி விழலாம். சிக்னலை அது பிடித்துக்கொள்வதால் மேலே சொன்ன கெர்னல் வரியையும் இழந்துவிடுவோம்.

விண்டோஸில் மைக்ரோசாஃப்ட்டின் ஐஐஎஸ் சேவையகத்தை ஓட்டுபவர்களுக்கு ஒரே வரி: ரெஜிஸ்ட்ரியில் லோக்கல்டம்ப்ஸ் அமைப்பை எழுதுங்கள், அல்லது விழுந்தபோது முழு டம்ப் எடுக்கும்படி ப்ராக்டம்ப்பை இணைத்துவையுங்கள். ஐந்து நிமிடத்தில் ஐந்து முறை விழுந்தால் ஐஐஎஸ் அந்த அப்ளிகேஷன் பூலையே இயல்பாக நிறுத்திவிடும். பயனர்களுக்கு 503 (சேவை கிடைக்கவில்லை) தெரியும். அங்கே குறைந்தபட்சம் விழுவது கண்ணில் படுகிறது.

கோர் பொய் சொல்லும்போது

கோர் திறந்ததும் பேக்ட்ரேஸில் கேள்விக்குறிகள் மட்டும் வந்தால் டீபக் சிம்பல்கள் இல்லை என்று பொருள். இப்போது பல விநியோகங்கள் டீபக்இன்ஃபோடி சர்வர்களை நடத்துகின்றன. ஜிடிபியே கோப்பின் பில்ட் எண்ணைக் கொடுத்துச் சரியான சிம்பல்களை இறக்கிக்கொள்ளும். விழுந்த பிறகு தொகுப்பைப் புதுப்பித்துவிட்டீர்கள் என்றால் பழைய கோரும் புதிய கோப்புகளும் பொருந்தாது. அது கேள்விக்குறியைவிட மோசம்: பார்க்க நன்றாக இருக்கும், முழுக்கத் தவறாக இருக்கும்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் ஒரு வகைச் சாவு கோருக்குப் பிடிபடாது. மூன்று கோர் எடுத்தால் மூன்றும் மூன்று இடங்களில் விழுந்திருக்கும். ஒன்று நினைவக ஒதுக்கீட்டில், ஒன்று டிஎல்எஸ் நூலகத்தில், ஒன்று பதிவு எழுதும் இடத்தில். யாரோ எப்போதோ தன் எல்லையைத் தாண்டி எழுதிவிட்டுப் போயிருக்கிறார். வேறு யாரோ அதில் தடுக்கி விழுந்திருக்கிறார். கோர் விழுந்தவரைத்தான் காட்டும், குழி வெட்டியவரைக் காட்டாது. நான்காவது கோர் எடுப்பதில் பயனில்லை. அட்ரஸ்சானிடைசருடன் (நினைவக எல்லை மீறலைக் காவல் காக்கும் தொகுப்புக் கருவி) மறுபடி தொகுத்த சர்வரைச் சோதனைக் கணினியில் ஓட்டுங்கள். வேகம் ஏறக்குறைய பாதியாகும், ஆனால் எல்லை தாண்டிய அந்த நொடியிலேயே பிடித்துவிடும். மறுபடி தொகுக்க முடியாத மாட்யூல் என்றால் வால்கிரைண்ட் (மறுபடி தொகுக்காமலே நினைவகப் பிழை தேடும் கருவி); 10 முதல் 30 மடங்கு மெதுவாக ஓடும் என்பதால் உற்பத்திச் சர்வரின் பக்கமே கொண்டுவரக்கூடாது. மொசில்லாவில் பிறந்த ஆர்ஆர் கருவி ஓட்டம் முழுவதையும் பதிவு செய்து பின்னோக்கி ஓடவிடும். கிடைத்தால் சொர்க்கம், செயலியின் எண்ணிகளை அது கேட்கும் என்பதால் பல மெய்நிகர் கணினிகளில் ஓடாது.

நான் எதை வைத்திருக்கிறேன்

என் பொறுப்பில் உள்ள கணினிகளில் சிஸ்டம்டியின் கையாளி எப்போதும் இயங்குகிறது, ஆனால் கோர் சேமிப்பு அணைந்த நிலையில். பேக்ட்ரேஸ் ஜர்னலில் விழுகிறது, சாவிகள் வட்டில் விழுவதில்லை. அப்பாச்சி இருக்குமிடங்களில் ஃபரென்சிக் பதிவு. பேக்ட்ரேஸ் போதாத சிக்கல் வந்தால் அந்த ஒரு கணினியில், ஒரு வாரத்துக்கு மட்டும், சேமிப்பைத் திறக்கிறேன். திறந்தவுடன் ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் ஒரு வொர்க்கருக்கு 11ஆம் சிக்னலை நானே அனுப்பி, கோப்பு வருகிறதா, ஜிடிபி அதைத் திறக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன். அந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் எனக்கு அந்த இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

அந்த எட்டு மாதச் சர்வரின் கதையையும் முடித்துவிடுகிறேன். மறைவான டெம்ப்பிலிருந்து ஒரு கோரைக் காப்பாற்றித் திறந்தபோது, பேக்ட்ரேஸில் ஒரே செயற்கூறு ஆயிரக்கணக்கான முறை தன்னைத்தானே அழைத்திருந்தது. ஒழுங்குக் கோவைகளை (எழுத்துத் தொடர்களைத் தேடும் வடிவங்கள்) பொருத்தும் பழைய பிசிஆர்இ நூலகம் அது. ஒவ்வொரு அழைப்புக்கும் ஸ்டாக்கில் 500 பைட் அளவுக்கு எடுத்துக்கொள்ளும், 8 எம்பி ஸ்டாக் 16,000 அழைப்புகளில் தீர்ந்துவிடும். பிசிஆர்இ2 10.30 முதல் இந்தத் தற்சுழற்சி இல்லை. நாங்கள் எழுதிய முகவரி மாற்று விதி ஒன்றில் இருந்த அவசரமான கோவைதான் காரணம். நீளமான குக்கி வந்தால் விழும். பத்து நிமிடத்தில் திருத்திவிட்டோம்.

பிறகு கெர்னல் பதிவைத் திறந்து பார்த்தேன். முதல் மாதத்திலிருந்தே அதே வரி இருந்தது: பிசிஆர்இ கோப்பின் பெயர், பிழை எண் 6, தொட்ட முகவரியும் ஸ்டாக் முகவரியும் பக்கத்துப் பக்கத்தில்.